சாம் செல்வோன்: பேச்சுமொழிக்குப் பெருமை சேர்த்த கரீபியப் புதின ஆசிரியர்

மொழிக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. ஒன்று ஏடு, மற்றொன்று நா. ஏட்டில் வாழும் மொழியை உயர்ந்ததென்றும், நாவில் வாழும் மொழியைத் தாழ்ந்ததென்றும் கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். கற்றவர் மொழி ஒன்றாகவும் உழைப்பவர் மொழி வேறாகவும் பிரிந்து நிற்கும் நாடுகளில், உழைப்பவர் தம் மொழியைப் பற்றித் தாமே நாணி நிற்கும் அவலத்தையும் காணலாம். அத்தகைய நாணத்திலிருந்து ஒரு மக்கட் கூட்டத்தை மீட்டவர் சாமுவேல் டிக்சன் செல்வோன். கரீபியக் கடலின் டிரினிடாட் தீவில் பிறந்து, இலண்டனில் எழுதிப் புகழ்பெற்று, ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் பல்கலைக்கழகப் பணியாற்றி, மீண்டும் பிறந்த தீவிலேயே கண்மூடிய அவருடைய வாழ்க்கை, தமிழ் பயில்வோர் அறிய வேண்டிய ஒன்று. அவருடைய தந்தையார் சென்னையிலிருந்து கடல் கடந்து சென்றவர் என்பது அதற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது அவர் எழுதிய மொழியில் இருக்கிறது.

தீவும் அதன் மக்களும்

தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகரையில், வெனிசுவேலா நாட்டுக்கு அணித்தாக உள்ளது டிரினிடாட் தீவு. 1498இல் கொலம்பஸ் அதனைக் கண்டார். மூன்று நூற்றாண்டுக் காலம் ஸ்பெயின் நாட்டின் உடைமையாக இருந்த அத்தீவு, 1797இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தனர். 1838இல் அவர்கள் முழு விடுதலை பெற்றதும், தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பாளரைத் தேடி இந்தியாவை நோக்கினர். 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ‘ஃபதல் ரசாக்’ என்னும் கப்பல் முதல் இந்தியக் கூட்டத்தைத் தீவில் இறக்கியது. அன்று தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியே சென்ற வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர் சிறு தொகையினரே. அவர்களை அத்தீவினர் மதராசிகள் என்று அழைத்தனர்.

இந்து, இஸ்லாமியர், ஆப்பிரிக்கர் ஆகியோர் ஒரே தோட்டத்தில் உழைத்துப் பழகிய ஊர்களுள் ஒன்று சான் பெர்னாண்டோ. தீவின் தென்பகுதியில், கரும்புக் காடுகளின் நடுவே அமைந்த நகரம் அது. அங்கு முஹர்ரம் ஊர்வலத்தில் இஸ்லாமியருடன் இந்துக்களும் ஆப்பிரிக்கரும் கலந்துகொள்வது வழக்கம். 1884ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அரசின் தடையை மீறி நகரை நோக்கி வந்த அவ்வூர்வலத்தின்மீது ஆங்கிலேயக் காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பலர் உயிரிழந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உழைப்பாளர் இனம் கடந்தும் சமயம் கடந்தும் ஒன்றுகூடுவதை ஆள்வோர் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு அந்நகரின் மண்ணே சான்றாயிற்று. அந்நிகழ்ச்சி நடந்து 39 ஆண்டுகள் கழித்து, அதே நகரில் செல்வோன் பிறந்தார்.

பிறப்பும் பெற்றோரும்

1923ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சாமுவேல் செல்வோன் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எழுவருள் அவர் ஆறாமவர். தந்தையார் சென்னையிலிருந்து குடிபெயர்ந்த கிறித்தவர். துணிமணி வணிகம் செய்தவர். தாயார் ஆங்கிலோ இந்தியர். அவருடைய தந்தை ஸ்காட்லாந்து நாட்டவர், தாய் இந்தியர். ஆக, இரு கண்டங்களின் குருதி ஒரு சிறுவனின் உடலில் கலந்திருந்தது எனலாம்.

செல்வோன் என்னும் அப்பெயர் தமிழர் செவிக்கு அயற்பெயராகத் தோன்றாது. செல்வன் என்னும் நம் சொல்லே ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து நிற்கிறது என்று கருத இடமுண்டு. ஒலிக்கின்றவாறே கொண்டாலும் அது நல்ல தமிழ்ச் சொல்லே. செல்வோன் என்றால் செல்கின்றவன். வாழ்நாள் முழுதும் நாடு விட்டு நாடு சென்றுகொண்டே இருந்த ஒருவருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

ஆயினும் பெயரில் எஞ்சிய தமிழ் நாவில் எஞ்சவில்லை. தீவின் பல இனப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி, தெருவின் மொழியையே தம் மொழியாகக் கொண்டு அவர் வளர்ந்தார். அந்த மொழி டிரினிடாட்டு மக்களின் கலப்பு ஆங்கிலம். ஆங்கிலச் சொற்களை ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய, இந்திய வழக்குகளோடு இழைத்து, அடிமைகளும் கூலிகளும் தமக்கென உருவாக்கிக்கொண்ட மொழி அது. வீட்டிலும் சந்தையிலும் பாட்டிலும் அது கோலோச்சியது. பள்ளிக்கூடத்திலோ அது பிழையான ஆங்கிலம் என்றே மதிக்கப்பட்டது. பெற்றோர் விட்டுவந்த மொழி கைவரவில்லை. பேசிய மொழிக்கு மதிப்பில்லை. மதிப்புள்ள மொழி தம்முடையதாகவும் இல்லை. இம்மூன்றுக்கும் இடையே நின்ற பிள்ளை பின்னாளில் எதைத் தன் எழுதுகோலுக்குத் தேர்ந்துகொண்டது என்பதே அவருடைய வரலாற்றின் சாரம்.

கல்வியும் கடற்படையும்

கனடா நாட்டுக் கிறித்தவத் தொண்டர்கள் நிறுவிய நபரீமாக் கல்லூரியில் செல்வோன் பயின்றார். அக்கல்வி நீடிக்கவில்லை. பதினைந்தாம் அகவையில் படிப்பை விடுத்து வேலை தேட வேண்டியதாயிற்று. பின்னாளில் பல்கலைக்கழகங்கள் பேராசிரியராக அழைத்த ஒருவர், பட்டம் எதுவும் பெறாதவர் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளல் நன்று. கல்வி வேண்டாம் என்பது அதன் பொருளன்று. கல்லூரி வாயில் அடைபட்ட பின்னும் கற்றலை நிறுத்தாதவர் அவர் என்பதே பொருள்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 முதல் 1945 வரை அவர் அரச கடற்படையின் உள்ளூர்த் துணைப்பிரிவில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பணிபுரிந்தார். கடற்பணியின் நீண்ட ஓய்வு வேளைகளில் கவிதைகள் எழுதத் தொடங்கினார். போர் முடிந்ததும் தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினுக்குச் சென்று, ‘டிரினிடாட் கார்டியன்’ நாளிதழில் செய்தியாளராகவும் அதன் இலக்கியப் பகுதியைக் கவனிப்பவராகவும் அமர்ந்தார். பல புனைபெயர்களில் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். பார்படோஸ் தீவில் ஃபிராங்க் காலிமோர் நடத்திய ‘பிம்’ என்னும் இலக்கிய இதழும், இலண்டன் பி.பி.சி. வானொலியின் ‘கரீபியன் வாய்சஸ்’ நிகழ்ச்சியும் அக்கால இளம் எழுத்தாளர்களுக்கு வாயில்களாக விளங்கின. அவ்விரண்டிலும் செல்வோனின் படைப்புகள் இடம்பெற்றன.

இதழியல் பணி அவருக்கு வாழ்வைத் தந்தது. எனினும் அத்தீவில் எழுத்தை மட்டும் நம்பி வாழ வழியில்லை. நூல் வெளியிடுவோரும் இல்லை. எழுத்தாளராக விரும்பியவர் எவரும் இலண்டனுக்கே செல்ல வேண்டிய காலம் அது. 1950ஆம் ஆண்டில் அவரும் கப்பலேறினார். அதே கப்பலில் பயணம் செய்தார் மற்றோர் இளைஞர்; அவர் பின்னாளில் பெரும் புதின ஆசிரியராக விளங்கிய ஜார்ஜ் லாமிங். கரீபிய இலக்கியத்தின் இரு தூண்கள் ஒரே மரக்கலத்தில் சென்று கரையேறின எனில் மிகையன்று.

இலண்டனில் முதற்புதினம்

இலண்டனில் செல்வோனுக்குக் கிடைத்த வேலை, அங்கிருந்த இந்தியத் தூதரகத்தில் எழுத்தர் பணி. தந்தை பிறந்த நாட்டை ஒருநாளும் கண்டிராத மகனுக்கு, அந்நாட்டின் அலுவலகமே அயலூரில் சோறிட்டது. பகலில் கோப்புகளைப் பார்த்து, கிடைத்த நேரத்தில் அவர் எழுதி முடித்த முதற்புதினம் ‘ஏ பிரைட்டர் சன்’. மேலும் ஒளிமிக்க கதிரவன் என்று அதற்குப் பொருள். 1952இல் அது வெளிவந்தது.

அப்புதினத்தின் தலைவன் டைகர் என்னும் பதினாறு அகவை இந்திய இளைஞன். பெற்றோர் ஏற்பாட்டில் ஊர்மிளா என்னும் சிறுமியை மணந்து, கரும்புத் தோட்ட வாழ்வை விட்டு, தலைநகரை அடுத்த பரத்தாரியா என்னும் ஊரில் ஒரு குடிசையில் குடியேறுகிறான். அண்டை வீட்டில் வாழ்பவர்கள் ஜோ, ரீட்டா என்னும் ஆப்பிரிக்க இணையர். டைகரின் பெற்றோர் அந்நட்பை வெறுக்கின்றனர். ஆனால் ஊர்மிளாவின் பேறுகாலத்தில் உடனிருந்து துணைசெய்பவர் ரீட்டாவே. எழுத்தறியாத டைகர், சூக்தேவ் என்னும் முதியவரிடம் படிக்கக் கற்கிறான். போர்க்காலத்தில் அமெரிக்கர் நெடுஞ்சாலை அமைக்க வருகின்றனர். டைகருக்கு அச்சாலைப் பணியில் நல்ல கூலி கிடைக்கிறது. அவனுக்கு எழுத்தறிவித்த சூக்தேவின் தோட்டமோ அதே சாலைக்கு இரையாகிறது.

இப்புதினத்தில் மறக்கவொண்ணாத ஓரிடம் உண்டு. டைகர் குடிவெறியில் கருவுற்ற மனைவியைத் தாக்குகிறான். அவள் நோயுற்றுக் கிடக்கும் இரவில், மழையில் நனைந்தபடி மருத்துவரைத் தேடி ஓடுகிறான். இந்திய மருத்துவர் வர மறுக்கிறார்; ஆப்பிரிக்க மருத்துவரும் மறுக்கிறார்; இறுதியில் வருபவர் வெள்ளையர் ஒருவர். தன்னினத்தான் தனக்கு உதவுவான் என்று நம்பியிருந்த டைகர் அன்று கற்றது புத்தகத்தில் இல்லாத பாடம். இனப்பெருமையால் கண்மூடிக் கிடப்போரை ஆசிரியர் இடித்துரைக்கும் முறை இது. கதைமாந்தர் பேசும் இடங்களில் தீவின் பேச்சுமொழி வருகிறது. ஆசிரியர் கதை சொல்லும் இடங்களிலோ ஏட்டு ஆங்கிலமே நிற்கிறது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. அடுத்து நிகழ்ந்த மாற்றம் இதனால்தான் விளங்கும்.

காசநோயும் அவரை வருத்திய காலம் அது. ஆயினும் தளராது, 1954இல் அலுவலகப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். 1955இல் அமெரிக்காவின் கக்கன்ஹைம் நல்கை கிட்டியது. அதே ஆண்டில் ‘ஆன் ஐலண்ட் இஸ் எ வோர்ல்ட்’ என்னும் இரண்டாம் புதினமும் வெளிவந்தது.

மொழியைக் கண்டடைந்த புதினம்

1948ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தை அடைந்தது முதல், கரீபியத் தீவினர் அந்நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினர். போரினால் சிதைந்த நாட்டின் தொடர்வண்டிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். தேவைப்பட்ட ஆட்களுக்குத் தங்க அறை கொடுப்பாரில்லை. இவர்களுடைய வாழ்வைப் புதினமாக்க விழைந்தார் செல்வோன்.

அவர் அதனை ஏட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார், கதை நகரவில்லை. தாம் நாள்தோறும் காணும் மனிதர்கள் தாளில் உயிரின்றிக் கிடப்பதை உணர்ந்தார். ஒருநாள், கதைமாந்தரின் பேச்சை மட்டுமன்றிக் கதைசொல்லும் குரலையும் தீவின் பேச்சுமொழியிலேயே அமைத்துப் பார்த்தார். அடைபட்ட மடை திறந்தது. ஏறத்தாழ ஆறு திங்களில் புதினம் முடிந்தது. 1956இல் வெளிவந்த அந்நூலே ‘தி லோன்லி லண்டனர்ஸ்’. தனிமையுற்ற இலண்டன்வாசிகள் என்பது அதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இஃது ஓர் உத்தி எனத் தோன்றலாம். உண்மையில் இது பெரும் மாற்றம். கதைமாந்தர் மட்டும் கொச்சையாகப் பேச, ஆசிரியர் செம்மொழியில் நின்று கதை சொல்லும்போது, ஆசிரியர் மேட்டில் நிற்கிறார். மாந்தர் பள்ளத்தில் நிற்கின்றனர். படிப்பவரும் மேட்டிலிருந்தே அவர்களை நோக்குவர். இரங்குவர் அல்லது நகைப்பர். ஆசிரியரே அம்மாந்தரின் மொழியில் பேசத் தொடங்கியதும் மேடும் பள்ளமும் மறைகின்றன. சிந்திப்பதற்கும் வருந்துவதற்கும் இயற்கையை வியப்பதற்கும் அம்மொழி போதுமானது என்பது நிலைநாட்டப்படுகிறது. தெருவில் கேட்டதை அப்படியே பெயர்த்து எழுதியவரும் அல்லர் செல்வோன். பிற நாட்டாரும் படித்துணரும் வண்ணம் அம்மொழியைத் தேர்ந்து, செதுக்கி, ஓசை ஒழுங்கு அமைத்தே பயன்படுத்தினார். வட்டார வழக்கில் எழுதுவது எளிதென எண்ணும் இளைஞர்கள் இவ்வுழைப்பை அறிதல் வேண்டும்.

கதையின் நடுநாயகமாக விளங்குபவர் மோசஸ். இலண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஊரிலிருந்து புதிதாக வருவோரை வாட்டர்லூத் தொடர்வண்டி நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்து, அறையும் வேலையும் தேடித் தருவது அவர்மேல் விழுந்த கடமை. மூடுபனி சூழ்ந்த ஓர் இரவில் அவர் அழைக்கச் சென்ற இளைஞன், கடுங்குளிரில் மெல்லிய உடையோடு, பெட்டி படுக்கை ஏதுமின்றி வந்திறங்குகிறான். அவனுக்கு சர் கலஹாட் என்று மோசஸ் வேடிக்கையாகப் பெயர் சூட்டுகிறார். டோல்ராய் என்பவன் தாயை மட்டும் வரவழைக்கக் கருத, குடும்பம் முழுவதுமே வந்து இறங்குகிறது. அக்குடும்பத்து மூதாட்டி டாண்டி, ஊர் வழக்கப்படி கடனுக்குப் பொருள் கொடுக்கும் முறையை இலண்டன் கடைக்காரரையே ஏற்கச் செய்துவிடுகிறார்.

நகைச்சுவையின் ஊடே கசப்பும் ஓடுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கறுப்பர் எத்தீவினராயினும் ஜமைக்கா நாட்டார் என்றே அட்டையில் குறியிடப்படுகிறது. அக்குறி கண்டவர் கடைநிலை வேலைகளுக்கே அனுப்பப்படுகின்றனர். வேலையிழந்த குளிர்காலத்தில் கலஹாட் பூங்காவில் ஒரு புறாவைப் பிடிக்கிறான். அதனைக் கண்ட ஆங்கில மூதாட்டி ஒருவர் வெகுண்டெழ, அவன் தப்பியோடி மோசஸ் அறைக்கு வருகிறான். இருவரும் அப்புறாவைச் சமைத்துச் சோற்றோடு உண்டு, ஊர்க்கதை பேசியிருக்கின்றனர். பறவையின் பசிக்கு இரங்கும் நகரம் மனிதன் பசியைக் காணவில்லை என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வதில்லை. மற்றோரிடத்தில் கலஹாட் தன் கையின் நிறத்தை நோக்கி, இத்துன்பத்துக்கெல்லாம் தான் காரணமல்லன், அந்நிறமே காரணம் என்று அதனோடு வழக்காடுகிறான். ஞாயிறு காலைகளில் நண்பர்கள் எல்லாரும் மோசஸ் அறையில் கூடுவர். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணி, ஒவ்வோர் ஆண்டும் தங்கிவிடும் மோசஸின் பெருமூச்சோடு புதினம் முடிகிறது.

கடல் கடந்து பொருளீட்டும் உறவினர் இல்லாத குடும்பம் நம் பகுதியில் அரிது. அக்குடும்பத்தார் எவரும் மோசஸை உடனே அறிந்துகொள்வர்.

குறையும் கூறப்பட வேண்டும். இப்புதினத்தில் பெண்கள் பெரும்பாலும் ஆடவர் கண்வழியே காட்டப்படுகின்றனர். டாண்டியைத் தவிர, தம் குரலில் பேசும் பெண்கள் மிகச் சிலரே. இதனைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ரீட்டாவையும் ஊர்மிளாவையும் படைத்த கை, இலண்டன் கதையில் அவ்வாழத்துக்குச் செல்லவில்லை என்பது உண்மையே.

பிற படைப்புகள்

1957இல் வெளிவந்த ‘வேஸ் ஆஃப் சன்லைட்’ சிறுகதைத் தொகுதி, டிரினிடாட்டுக் கதைகளையும் இலண்டன் கதைகளையும் கொண்டது. அதிலுள்ள கரும்புத் தோட்டக் கதையொன்றில், நகரில் படித்துத் திரும்பிய ரொமேஷ் என்னும் இளைஞன், பெற்றோர் தனக்கென வகுத்த வாழ்வுக்கும் தான் கற்ற கல்விக்கும் இடையே தவிக்கிறான். 1958இல் ‘டர்ன் அகெய்ன் டைகர்’ வெளிவந்தது. படிப்பறிவு பெற்ற டைகர் மீண்டும் கரும்புத் தோட்டத்துக்கு வருகிறான். மேலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தந்தை, வெள்ளை மேற்பார்வையாளரின் கீழ் ஏவல் செய்பவரே என்று அறிகிறான். ஒரு கட்டத்தில் தன் நூல்களையே எரித்துவிடுகிறான். கற்றவன் தன் மக்களிடம் திரும்பும்போது எதிர்கொள்ளும் தடுமாற்றத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய புதினங்கள் சிலவே.

‘ஐ ஹியர் தண்டர்’ 1963இலும், ‘தி ஹவுசிங் லார்க்’ 1965இலும், ‘தி பிளெய்ன்ஸ் ஆஃப் கரோனி’ 1970இலும், ‘தோஸ் ஹூ ஈட் தி கஸ்கதூரா’ 1972இலும் வெளிவந்தன. 1975இல் வந்த ‘மோசஸ் அசெண்டிங்’ புதினத்தில் மோசஸ் ஒரு பழைய வீட்டை வாங்கி வீட்டுச் சொந்தக்காரர் ஆகிறார். எழுத்தறியாத வெள்ளை இளைஞன் ஒருவன் அவருக்குப் பணியாள். தம் வாழ்க்கைக் குறிப்புகளைப் பெருமிதமான ஆங்கிலத்தில் எழுத முனையும் மோசஸை, அவருடைய நண்பர்களே எள்ளி நகையாடுகின்றனர். மொழியால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் மடமையை இங்கு நகைச்சுவையால் தாக்குகிறார் ஆசிரியர். 1983இல் வந்த ‘மோசஸ் மைக்ரேட்டிங்’ அவ்வரிசையை நிறைவு செய்தது. வானொலி நாடகங்கள் பலவும் அவர் எழுதினார். ஹொரேஸ் ஓவே இயக்கிய ‘பிரஷர்’ திரைப்படத்தின் கதை உரையாடலிலும் அவர் பங்கு கொண்டார். பிரிட்டனில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் அது.

பேராசிரியரும் துப்புரவுப் பணியாளரும்

1975 முதல் 1977 வரை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத் துறைச் சிறப்பாளராகச் செல்வோன் பணியாற்றினார். தாய்வழிப் பாட்டனாரின் நாடு அது. 1978இல் குடும்பத்துடன் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து கால்கரி நகரில் வாழலானார். விக்டோரியா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் படைப்பிலக்கியம் கற்பித்தார்.

அப்பணிக்காலம் முடிந்தது. வேறு கல்விப்பணி உடனே அமையவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணியாளர் வேலை இருந்தது. ஒன்பது புதினங்களின் ஆசிரியரும், நாட்டின் பதக்கம் பெற்றவருமான அவர், சில திங்கள் அவ்வேலையைச் செய்தார். பின்னர் அதே பல்கலைக்கழகம், தங்கியிருந்து எழுதுவதற்கென எழுத்தாளர்களை அழைக்கும் சிறப்பு இருக்கையில் அவரை அமர்த்தியது. கனடாவின் இலக்கிய உலகம் அவரைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. அங்கு அவர் வாழ்ந்தபோது அவருடைய நூல்களுக்கு அந்நாட்டில் மதிப்புரைகள் வரவில்லை.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் இரு உணர்வுகள் எழுகின்றன. அறிஞரை அறியாத சமுதாயத்தின்மீது வருத்தம் ஒன்று. உழைப்பில் உயர்வு தாழ்வு பாராத அவ்வெழுத்தாளர்மீது மதிப்பு மற்றொன்று. இலண்டன் தொழிற்சாலைகளில் இரவுப்பணி செய்தோரைக் கதைத்தலைவர்களாக ஆக்கியவர், தமக்கு அந்நிலை வந்தபோது அதனை இழிவெனக் கருதவில்லை. எழுதிய எழுத்துக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையே அவரிடத்தில் இடைவெளி இல்லை.

பெருமைகளும் இறுதிப் பயணமும்

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் டிரினிடாட் விடுதலை பெற்றது. 1969இல் அந்நாடு ஹம்மிங்பேர்ட் பதக்கம் வழங்கி அவரைப் போற்றியது. 1985இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகமும், 1989இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகமும் சிறப்புப் பட்டம் அளித்தன. கல்லூரி காணாதவரைப் பல்கலைக்கழகங்கள் தேடிவந்து சிறப்பித்தன.

டிரினிடாட்டு மக்களிடையே ஒரு நம்பிக்கை வழங்குகிறது. அங்குள்ள நன்னீரில் வாழும் கஸ்கதூரா என்னும் மீனை உண்டவர், உலகில் எங்குச் சுற்றினாலும் இறுதியில் அத்தீவுக்கே வந்து உயிர்விடுவர் என்பது அது. இந்நம்பிக்கையை வைத்தே செல்வோன் தம் 1972ஆம் ஆண்டுப் புதினத்துக்குப் பெயரிட்டார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அயல்மண்ணில் வாழ்ந்த அவர், 1994ஆம் ஆண்டு பிறந்த தீவுக்கு வந்திருந்தபோது, ஏப்ரல் 16ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார். அகவை எழுபது. அவருடைய அஸ்தி செயின்ட் அகஸ்டினில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லறையில் வைக்கப்பட்டது. அவ்வாண்டே நாடு அவருக்குச் சக்கோனியாப் பதக்கத்தை மறைவுக்குப் பின் வழங்கியது.

அவர் மறைந்தபின் புகழ் வளர்ந்தே வந்துள்ளது. ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ 2006இல் பென்குயின் நிறுவனத்தின் நவீனச் செவ்வியல் நூல் வரிசையில் இடம்பெற்றது. 2024இல் இலண்டனில் நாடகமாகவும் மேடையேறியது. பிழையான ஆங்கிலம் என்று பள்ளியில் தள்ளப்பட்ட மொழி, இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக ஓதப்படுகிறது.

செல்வோன் காட்டும் வழி

செல்வோன் வாழ்வில் நாம் கற்கத்தக்கவை இரண்டு. ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று ஊக்கம்.

சென்னையிலிருந்து சென்ற ஒருவரின் மகனுக்குத் தந்தை நாட்டு மொழியில் எழுதும் வாய்ப்பு இல்லாது போயிற்று. ஒரே தலைமுறையில், பெயரொழிய மொழி முழுதும் மறைந்தது. கடல் கடந்து வாழ்வோர் பிள்ளைகளுக்கு மொழியைக் கைமாற்றித் தராவிடில் இழப்பதற்கு ஒரு தலைமுறையே போதும் என்பது எச்சரிக்கை. யாரையும் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக நாடு கடந்தோரின் துன்பம் பெரிது. எனினும் இழப்பு இழப்பே.

இழந்ததை எண்ணி ஏங்கி நில்லாமல், தம் நாவில் இருந்த மொழியை, உலகம் இகழ்ந்த மொழியை, அவர் இலக்கியமாக்கினார் என்பது ஊக்கம். சிற்றூரிலிருந்தும் கடற்கரைக் குப்பத்திலிருந்தும் கல்லூரிக்கு வரும் நம் மாணவர் பலர், தம் வீட்டில் பேசும் தமிழை வகுப்பறையில் மறைத்துக்கொள்வதைக் காண்கிறோம். செந்தமிழைக் கசடறக் கற்க வேண்டும், அதில் ஐயமில்லை. அதற்காகத் தாயும் பாட்டியும் பேசிய சொற்களைக் கண்டு நாண வேண்டுவதில்லை. அச்சொற்களில் ஒரு மக்களின் உழைப்பும் கண்ணீரும் நகைப்பும் உறைந்துள்ளன. அவற்றைத் தொகுத்து வைப்பதும், தேர்ந்தெடுத்து எழுதுவதும் தமிழ் மாணவரின் கடமையேயாகும். அக்கடமையை இளைய தலைமுறை ஏற்குமாயின், செல்வோனைப் பற்றி இங்கு எண்ணிப் பார்த்தது வீண்போகாது.